இரண்டு டன் கூழாங்கற்களைக் கழுவ வேண்டும், வழி சொல்லுங்கள்

கிருஷ்ணகிரி அருகே எங்கள் வீட்டு முற்றத்தில் அம்மா ஆசையாகப் பரப்பிய கற்கள், மூன்று மழைக்காலத்தில் செம்மண்ணும் பாசியும் ஏறி நிறமே மாறிவிட்டன. கையால் தேய்த்தால் நாளுக்கு நான்கு கூடைதான் முடிகிறது.

வாடகைக்கு எடுத்த கான்கிரீட் கலவை இயந்திரத்தில் தண்ணீரும் கொஞ்சம் மணலும் சேர்த்துச் சுற்றினேன். பத்தே நிமிடத்தில் கல் பளிச்சென்றானது! ஆனால் ஒவ்வொரு முறையும் கவிழ்த்து, சல்லடையில் கொட்டி, மறுபடியும் அலச வேண்டியிருக்கிறது. இடுப்பு ஒடிகிறது.

அதனால் 200 லிட்டர் இரும்பு பேரலில் துளைகள் போட்டு, உருளைகள் மேல் சற்றுச் சாய்வாகக் கிடத்தி, உள்ளே குழாயில் நீரைப் பீய்ச்சிச் சுழற்ற நினைக்கிறேன். அழுக்கு தானாக வடியும். நிமிடத்துக்கு 25 சுற்று போதும். வேகம் கூடினால் கற்கள் புரளாமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். என்னிடம் இருப்பதோ 1440 சுற்று மோட்டார். பெல்ட், புல்லி மட்டும் வைத்து இவ்வளவு குறைக்க முடியுமா, கியர்பாக்ஸ்தான் வேண்டுமா? ஓசூரில் பழைய கியர்பாக்ஸ் நம்பி வாங்கலாமா?

ஆழ்துளைக் கிணற்று நீர் என்பதால் வீணாக்க மனமில்லை. தொட்டியில் தெளியவிட்டு மீண்டும் பயன்படுத்தியவர்கள் அவசியம் எழுதுங்கள். ஆசிட் மட்டும் வேண்டாம்; இடையில் வெள்ளைப் பளிங்குக் கற்களும் கலந்திருக்கின்றன, அரித்துவிடும்.