புதுப்பிப்பு: எங்கள் பூங்காவுக்குப் பட்டாம்பூச்சி வந்ததா?

குடியிருப்புப் பூங்காவில் குரோட்டன்ஸும் புல்தரையும் பளபளக்கின்றன, ஒரு பட்டாம்பூச்சியைக் கூடக் காணோம் என்று ஆடியில் இங்கே புலம்பியிருந்தேன். நீங்கள் சொன்னபடி ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை ஒருவரை அழைத்து வந்தோம். செலவு ஒரு காபிதான். அவர் செம்பருத்தியைத் திரும்பியும் பார்க்கவில்லை. “தேன் இருக்கிறது, புழு தின்ன இலை எங்கே?” என்றார். களையென்று நாங்கள் பிடுங்கி எறிந்த எருக்கில்தான் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிடுமாம். எருக்கு, ஆடுதின்னாப்பாளை, கறிவேப்பிலை வைத்தோம், மருந்தடிப்பதை நிறுத்தினோம்.

நேற்று எருக்கிலையின் அடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு ஒரு புழு, ஓரத்திலிருந்து நிதானமாகக் கத்தரித்துக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் மருந்து டப்பாவோடு வந்த தோட்டக்காரரை ஓடிப்போய்த் தடுத்தேன். எருக்கு வீட்டுக்கு ஆகாது என்று சங்கச் செயலாளர் இன்னும் முணுமுணுக்கிறார்.