கொழும்பில் படித்த காலத்தில் மகிழ்ச்சியாக இருந்தவர்கள் யார்?

வெள்ளவத்தை வாசி:

உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தவர் பல்கலைக்கழகத்திலும் நிறைவோடு இருப்பார் என்ற நம்பிக்கை எங்கள் வீடுகளில் ஊறிப்போன ஒன்று. நான் கண்டது வேறு. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியால் ஊரில் பெயர் வாங்கியவர், அதே தரத்தில் உள்ளவர்கள் நிறைந்த வகுப்பில் வந்து அமர்ந்ததும் தம்மைச் சாதாரணமானவராக உணரத் தொடங்கிவிடுகிறார். மனிதர் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள் என்று 1954இல் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதியது இதைத்தான்.

என் அறையில் மன்னாரைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். ஆங்கிலத்தில் நடந்த விரிவுரைகளில் திணறி, முதலாம் வருடம் முழுவதும் எவரோடும் பேசாமல் ஒதுங்கியே திரிந்தார். அடுத்த வருடம் பரீட்சை நெருங்கியபோது, கனிஷ்ட மாணவர்கள் சிலர் நிகழ்தகவு விளங்கவில்லை என்று வந்து நிற்க, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் கணக்குகளை எழுதி அவர்களுக்குத் தமிழில் 'குப்பி', அதாவது மாணவரே மாணவருக்கு எடுக்கும் வகுப்பு, எடுத்தார். நள்ளிரவு தாண்டியும் அது நீண்டது. பின்னர் அவருடைய புள்ளிகள் பெரிதாக ஏறவில்லை. ஆனால் காலையில் எழுந்து புறப்படும் விதமே மாறிவிட்டது.

தன்முடிவு, ஆற்றலுணர்வு, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்றையும் அடிப்படை உளத்தேவைகள் என்று உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் கூறுகின்றனர். பின்னைய இரண்டையும் ஒரு குப்பி வகுப்பு ஒரே இரவில் தந்துவிடுகிறது. தன்முடிவுதான் எங்களிடம் சிக்கலானது. பெற்றோர் சொன்ன துறையைப் படிப்பவர் எல்லோரும் வாடுவதில்லை. அந்த விருப்பத்தைத் தமதாக்கிக்கொண்டவர்கள் நன்றாகவே இருந்தார்கள், பயத்தால் தொடர்ந்தவர்கள்தான் வாடினார்கள்.

முன்னாள் விடுதி மாணவி:

உடன்படுகிறேன், பிணைப்பைப் பற்றி மட்டும் ஒன்று. உளவியலாளர்கள் எட் டீனரும் மார்ட்டின் செலிக்மனும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 222 இளங்கலை மாணவர்களுள் மிக மகிழ்ச்சியாக இருந்த பத்து வீதத்தினர் செழிப்பான உறவுகள் உடையவர்களாகக் காணப்பட்டனர். ஆயினும் உறவு மட்டுமே மகிழ்ச்சிக்குப் போதும் என்று அவர்கள் சொல்லவில்லை; அந்த மாணவர்களும் இடைக்கிடை சோர்ந்தே இருந்தார்கள்.

ஆட்களின் எண்ணிக்கையை உறவு என்று நாங்கள் எண்ணிவிடுகிறோம் என்பது என் அபிப்பிராயம். மட்டக்களப்பிலிருந்து வந்த என் தோழியைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். ஆனால் உதவிப்பணம் பிந்திய மாதத்தில் அவர் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டார் என்பது அந்தக் கூட்டத்தில் எவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவர் மாத்தறையைச் சேர்ந்த சிங்கள அறைத்தோழி. ஒன்றும் கேளாமல், தம் சோற்றுப் பார்சலைப் பிரித்து நடுவில் வைத்து, பருப்பு உறைக்கிறது, தனியாகச் சாப்பிட முடியாது என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். தோழி முதன்முதலாக வீட்டு நிலைமையை வாய்விட்டுச் சொன்னது அந்தப் பெண்ணிடம்தான். தமிழ் மாணவர்களாகிய எங்களிடம் சொல்ல அவருக்கு மேலும் ஒரு தவணை பிடித்தது.