டூபிங்கனுக்கு ஒரு நாள் பயணம்: பாலத்துப் படத்தைத் தாண்டி என்ன பார்க்கலாம்?

பயோடெக்_மாணவி கேட்டது:

வணக்கம். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் பயோடெக் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். பரீட்சைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மட்டும் கையில் இருக்கிறது, நானும் வகுப்புத் தோழி ஒருத்தியும் டூபிங்கன் போய்வரலாம் என்று இருக்கிறோம். தேடிப் பார்த்தால் எல்லாரும் நெக்கர் ஆற்றுப் பாலத்தில் நின்று அதே ஆற்றங்கரை வீடுகளைத்தான் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், ஊருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. 1477-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் என்கிறார்கள், அதில் உள்ளே போய்ப் பார்க்க முடிகிற இடம் ஏதாவது உண்டா? கோட்டை ஏற்றம், விட்டுவிடலாம் என்கிறாள் தோழி. படகு சவாரி அவசியமா? டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க வட்டார ரயில், பேருந்தில் போகிற மாதச் சீட்டு) இருவரிடமும் இருக்கிறது, மற்றபடி கையைக் கடிக்காமல் முடிய வேண்டும்.

கோட்டைவாசல்:

எதை விட்டாலும் கோட்டையை விடாதீர்கள், அதுவும் பயோடெக் படித்துக்கொண்டு! சந்தைத் திடலிலிருந்து பத்து நிமிட ஏற்றம், அவ்வளவுதான். அந்தக் கோட்டையின் பழைய சமையலறையில்தான் 1869-இல் ஃப்ரீட்ரிக் மீஷர் என்ற சுவிஸ் இளைஞர் டிஎன்ஏவை முதன்முதலில் பிரித்தெடுத்தார். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட நிறையவில்லை. மருத்துவமனையில் கழித்துப் போட்ட, சீழ் படிந்த கட்டுத்துணிகளை வாங்கிவந்து, அலசி, வெள்ளையணுக்களைச் சேர்த்து, பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சின் என்ற செரிமான நொதியால் புரதத்தைக் கரைத்து, மிச்சம் நின்ற பாஸ்பரஸ் மிகுந்த பொருளுக்கு நியூக்ளீன் என்று பெயர் வைத்தார். நாம் கிட் வாங்கி ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலையை மனுஷன் அந்தக் கல் வளைவுக்குக் கீழே நின்று செய்திருக்கிறார். ஹீமோகுளோபினுக்கு அந்தப் பெயரைக் கொடுத்த ஹோப்பே-ஸைலர்தான் ஆய்வுக்கூடத்தின் தலைவர். இப்போது அந்த அறை காட்சிக்கூடமாக இருக்கிறது.

அதே கோட்டை அருங்காட்சியகத்தில் மாமூத் தந்தத்தில் செதுக்கிய குதிரை ஒன்று உண்டு. ஏறக்குறைய 40,000 ஆண்டு பழையது, நீளம் 5 செ.மீ. கூட வராது. கழுத்து வளைவை அருகில் குனிந்து பாருங்கள், நான் அங்கிருந்து நகரவே நேரமாகிவிட்டது. திங்கள், செவ்வாய் மூடல். உங்களுக்குச் சனிக்கிழமை, கவலையில்லை.

நெக்கர்க்கரை:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் கோட்டையிலேயே பாதி நாளைச் செலவழித்துவிட வேண்டாம். காலையில் ஆற்றங்கரையிலிருந்து தொடங்குங்கள். மஞ்சள் கோபுர வீடு படத்தில் பார்த்திருப்பீர்கள், கவிஞர் ஹோல்டர்லின் 1807 முதல் 1843-இல் இறக்கும்வரை இருந்தது அங்கேதான். மனநிலை பாதிக்கப்பட்டு, பக்கத்தில் இருக்கும் பூர்சே கட்டடத்தில், அப்போது அது மருத்துவமனை, சிகிச்சை பெற்றார். இனி அதிக நாள் தாங்கமாட்டார் என்று அனுப்பிவிட்டார்கள். ஸிம்மர் என்ற தச்சர் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார், 36 வருடம் வாழ்ந்தார். எந்த உறவும் இல்லாத ஒரு குடும்பம் செய்த காரியம் இது, எனக்கு அந்த ஊரிலேயே மனதில் நின்றது இதுதான். பூர்சேயில் இப்போது தத்துவத் துறை இருக்கிறது.

அங்கிருந்து சில அடி நடந்தால் ஷ்டிஃப்ட், இறையியல் மாணவர் விடுதி. வானியலாளர் கெப்ளர் இங்கே தங்கிப் படித்தவர், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் சொன்னதை மேஸ்ட்லின் என்ற ஆசிரியரிடம் கற்றது இந்த ஊரில்தான். தத்துவவாதிகள் ஹேகல், ஷெல்லிங், அந்தக் கவிஞர் ஹோல்டர்லின் மூவரும் இங்கே அறைத் தோழர்கள். இன்றும் மாணவர்கள் தங்குகிறார்கள், அதனால் அறைக்குள் எல்லாம் போய்ப் பார்க்க எதிர்பார்க்காதீர்கள்.

படகைப் பொறுத்தவரை, கட்டாயமில்லை. ஆற்று நடுவில் இருக்கும் தீவில் பிளேன் என்ற மரங்கள் வரிசையாக நிற்கும் நடைபாதை ஒன்று போகிறது, காசு கிடையாது, கோபுரம் நேர் எதிரே தெரியும். புளிசாதம் கட்டிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மலபார்_ஏடு:

படகு வேண்டாம் என்று நெக்கர்க்கரை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நீளக் கழி ஊன்றித் தள்ளுகிற படகு, பல நேரம் தள்ளுகிறவரே மாணவராக இருப்பார், ஊர்க்கதையெல்லாம் அவர் வாயாலேயே கேட்கலாம். மற்றவர்களோடு சேர்ந்து போகிற சவாரியில் ஏறினால் செலவு குறையும்.

இன்னொன்று. மலையாளத்துக்கு இலக்கணமும் அகராதியும் எழுதிய ஹெர்மன் குண்டர்ட் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1836-இல் சென்னையில் வந்து இறங்கி, திருநெல்வேலிப் பக்கம் இருந்து, தமிழ் கற்ற பிறகுதான் தலசேரிக்குப் போனார். அவர் சேர்த்த ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் டூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. ஒரு நாள் பயணத்தில் மூலத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நடக்காது, ஆனால் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ரயிலில் போகும்போது புரட்டுங்கள்.

பயோடெக்_மாணவி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மீஷர் பெயரைப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்ததோடு சரி, அந்த அறை ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. தோழியிடம் காட்டினேன், இப்போது கோட்டைக்கே முதலில் போகலாம் என்கிறாள். பேபன்ஹவுசன் மடாலயத்தையும் சேர்க்கலாமா?

நெக்கர்க்கரை:

வேண்டாம்மா. மடாலயம் அழகுதான், ஆனால் பேருந்து பிடித்துப் போய்வரவே மதியம் போய்விடும், அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். சந்துகளெல்லாம் கல் பாவியவை, நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வட்டார ரயில்தான் உங்கள் டிக்கெட்டுக்குச் செல்லும், ஸ்டுட்கார்ட் ஸ்டேஷன் வேலைகளால் வழித்தடம் மாறலாம், முந்தின இரவே ஆப்பில் பார்த்துவிடுங்கள். அப்புறம், மறுநாள் ஞாயிறு, கடை எதுவும் திறக்காது. பால், காய்கறி எல்லாம் வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.