வேலைக்குப் போற நேரம் பிள்ளையை ஆரிட்ட விட்டனீங்கள்? வன்னிப் பெற்றோரின்ட அனுபவங்கள்

பரந்தனில இருந்து ஒரு அம்மா:

மகனுக்கு இப்ப நாலு வயது. ரெண்டே கால் வயதில அவனைப் பகல் பராமரிப்பு நிலையத்தில விட வேண்டி வந்தது. நான் விசுவமடுப் பக்கம் படிப்பிக்கிறன், விடியவே பஸ் பிடிக்க வேணும். இவருக்கு மன்னாரில வேலை, கிழமைக்கு ஒருக்காத்தான் வருவார். என்ர அம்மா 2009இல இல்லாமல் போனா. மாமிக்கு முழங்கால் ஏலாது. அம்மம்மா இல்லாத வீடு எங்கட பக்கம் கன இருக்கு. பிள்ளையை ஆரிட்ட விடுறது எண்ட கேள்வி எங்களுக்கு அங்கயிருந்துதான் தொடங்குது.

முதல்ல முன்பள்ளியில கேட்டுப் பாத்தன். மூண்டு வயசு வேணும் எண்டிச்சினம். எடுத்தாலும் மத்தியானத்துக்கு முன்னம் விட்டிடுவினம். வேலைக்குப் போற தாய்க்கு அது காணாது.

பிறகு ஒரு இடம் பாத்தம். பேர் வேண்டாம். சுவரெல்லாம் படம் கீறி, வாசலில கமரா பூட்டி, பாக்க நல்ல வடிவு. காலமை பத்து மணிக்கு வரச் சொல்லிச்சினம், போனம். பிள்ளையள் வட்டமாய் இருந்து பாட்டுப் படிச்சுக்கொண்டிருந்ததுகள். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் நான் ஓமெண்டனான்.

மூண்டாம் கிழமை பள்ளிக்கூடம் வேளைக்கு விட்டிது. சொல்லாமல் பன்னிரண்டரைக்குப் போனன். பத்துப் பன்னிரண்டு பிள்ளையள் ரீவிக்கு முன்னால. ஒரேயொரு அன்ரி, அவவும் குசினியில. என்ர பிள்ளை கேற்றுக் கம்பியைப் பிடிச்சபடி வெயிலில நிண்டான். நான் காலமை மாத்தி விட்ட பம்பஸ் நனைஞ்சு தொங்கிக்கொண்டு கிடந்தது. என்னைக் கண்டும் அவன் அழேல்லை. அதுதான் எனக்கு இப்பவும் நெஞ்சுக்க நிக்குது. அழுதாலும் ஆரும் வராயினம் எண்டு பிள்ளை மூண்டு கிழமையில பழகியிருக்கு.

அண்டைக்கே கூட்டிக்கொண்டு வந்திட்டன். ஒரு மாதம் சம்பளமில்லாத லீவு.

இப்ப விடுற இடம் தகரக் கூரை வீடு. முந்தி முன்பள்ளியில படிப்பிச்ச ஒரு ரீச்சர் இன்னும் ரெண்டு பேரோட நடத்துறா. எங்கட பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிட்டக் கேட்டுத்தான் போனனான். வீடு வீடாய் ஏறி இறங்குற ஆக்களுக்கு எந்த வளவு எப்பிடியெண்டு தெரியும். பிரதேச செயலகத்தில முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிட்டயும் கேக்கலாம், அதுக்குத்தான் அவை இருக்கினம்.

நான் முதல்ல போய்ப் பாத்தது கிணத்தைத்தான். எங்கட பக்கம் வளவுக்கு வளவு கிணறு, கனக்கக் கிணத்துக்குக் கட்டும் உயரமில்லை. அங்க இரும்பு வலையில மூடி போட்டு ஆமைப்பூட்டுப் பூட்டியிருந்தது. திறப்பு என்ர தலைக்கு மேல ஒரு ஆணியில. மூடியைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தன், அசையேல்லை.

"நாளைக்கே விட்டிட்டுப் போகலாமோ ரீச்சர்?" எண்டன். "இல்லைப் பிள்ளை, மூண்டு நாள் நீங்களும் வந்து இருங்கோ. நாலாம் நாள் ஒரு மணித்தியாலம் விட்டிட்டுப் போங்கோ. போகேக்க களவாய்ப் போகாதேங்கோ, அம்மா போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ" எண்டா. அழுதான்தான். ஆனா அவ அவனைத் தூக்கி இடுப்பில வைச்சுக்கொண்டே மற்றப் பிள்ளையளுக்குப் பிட்டுப் போட்டா.

ஒரு சிஆர் கொப்பி இருக்கு. எத்தினை மணிக்கு நித்திரை, எவ்வளவு சாப்பிட்டவன், வெளிக்குப் போனவனோ, எல்லாம் எழுதியிருக்கும். கடைசிப் பக்கத்தில பிள்ளையை எடுக்க வரக்கூடிய ஆக்களின்ட பேரும் அடையாள அட்டை இலக்கமும். ஒரு நாள் எனக்குக் கூட்டம் எண்டு தம்பியை அனுப்பினன். அவன்ர பேர் கொப்பியில இல்லை. ரீச்சர் பிள்ளையைக் குடுக்கேல்லை. நான் போனில சொல்லியும், "குரலை நம்பிக் குடுக்கேலாது, நீங்களே வாங்கோ" எண்டிட்டா. தம்பிக்குச் சரியான கோவம். எனக்கு அண்டைக்குத்தான் முழு நம்பிக்கை வந்தது.

அறிவியல்நகர்ப் பக்கம் இருந்து ஒரு அப்பா:

மனிசி ஆடைத் தொழிற்சாலையில, நான் மேசன் வேலை. நாங்கள் விட்ட பிழை வேற. நல்ல இடம்தான், நல்ல மனிசர்தான், ஆனா வாய்க்காலுக்கு அங்கால. 2018 மார்கழியில இரணைமடுக் குளத்தின்ட வான்கதவுகள் திறந்த நேரம் மதகுக்கு மேலால தண்ணி பாஞ்சது. மகள் அந்தக் கரை, நாங்கள் இந்தக் கரை. அந்த அக்கா தன்ர பிள்ளையளோட சேத்துப் படுக்க வைச்சு, அடுத்த நாள் உழவு மெசினில ஏத்தி அனுப்பினா. அவவுக்கு நாங்கள் இண்டைக்கும் கடமைப்பட்டிருக்கிறம். ஆனா சின்னவனுக்கு இடம் தேடேக்க, மாரியில தண்ணி எந்தப் பக்கத்தால வரும் எண்டதைத்தான் முதல் பாத்தன்.

ஒட்டுசுட்டானில இருந்து:

நான் பிள்ளை பாக்கிற ஆள். எங்கட பக்கத்தில இருந்தும் சொல்ல வேணும்.

காலமை காய்ச்சலுக்குப் பனடோல் குடுத்திட்டு, சொல்லாமல் விட்டிட்டுப் போகாதேங்கோ. லீவு எடுக்கேலாது எண்டு எனக்கு விளங்குது. ஆனா மருந்தின்ட வேகம் நாலஞ்சு மணித்தியாலத்தில இறங்கிவிடும், பதினொரு மணிக்குப் பிள்ளை அனலாய்க் கொதிக்கும். நீங்கள் எத்தினை மணிக்குக் குடுத்தனீங்கள் எண்டு தெரியாமல் நான் இன்னொருக்காக் குடுத்தால் அது ஆபத்து. நுளம்புக் காலத்தில சும்மா காய்ச்சலோ டெங்கோ எண்டு ஆருக்குத் தெரியும்? முழுக் கச்சானும் முழு முந்திரிகைப் பழமும் பெட்டியில வைக்காதேங்கோ. ஒருக்கா ஒரு பிள்ளைக்குக் கச்சான் சிக்கி, குப்புறப் போட்டு முதுகில தட்டித்தான் எடுத்தனான். 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் எங்கட உள் ஒழுங்கைக்குள்ள வந்து சேர முன்னம் என்னவும் நடந்திருக்கும்.

இன்னொண்டு. உங்கட பிள்ளை தண்ணிக்கு என்ன சொல்லும், பசிக்கு என்ன சொல்லும் எண்டு எழுதித் தாங்கோ. ஒரு பிள்ளை ரெண்டு நாளாய் "பும்மா, பும்மா" எண்டு அழுதிது. பூனையைக் காட்டினன், பந்தைக் குடுத்தன். கடைசியாய்த் தாயைக் கேட்டால், அது பிள்ளையின்ட போர்வை.

நெடுங்கேணியில இருந்து ஒரு அம்மா:

பிள்ளையின்ட உடம்பில காயம் கண்டு பயந்து, ஆரிட்டச் சொல்லுறது எண்டு தெரியாமல் ஒரு கிழமை இருந்தனான். 1929 எண்ட இலக்கம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்டது எண்டு பிறகுதான் தெரியும். பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறா. என்னைப்போல ஒரு கிழமை காத்திராதேங்கோ. மற்றது, மகளை வாற மாதம் திரும்ப விட வேணும். பரந்தன் அக்கா, உங்கட ரீச்சரிட்ட இடம் இருக்கோ? அந்தப் பக்கம் இருக்கிற என்ர சொந்த அக்கா வீட்டில நிண்டு வேலைக்குப் போகலாம் எண்டு யோசிக்கிறன்.

பரந்தன் அம்மா:

ஒரு இடம் இருக்கெண்டு போன கிழமை சொன்னா, தங்கச்சி. பரந்தன் சந்தியில இறங்கி எனக்கு அடியுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன். மகளையும் கொண்டு வாங்கோ. காலமை வேண்டாம், பன்னிரண்டரைக்கு வாங்கோ. ரீச்சருக்கு நான் முன்கூட்டிச் சொல்லமாட்டன்.