அமெரிக்காவில் பொழுதுபோக்கு விமானி உரிமம்: மருத்துவ விண்ணப்பத்தை எப்போது நிரப்ப வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் கிரீன் கார்டு பெற்று அமெரிக்காவில் வசிப்பவன்; வயது 46. விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நெடுநாள் விருப்பத்திற்கு இப்போதுதான் நேரமும் சேமிப்பும் கூடி வந்துள்ளன. இதைத் தொழிலாகக் கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. வார இறுதியில், வானிலை தெளிவாக இருக்கும் பகல் வேளையில், மனைவியையோ மகனையோ உடன் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள சிறு விமானத் தளங்களுக்குப் போய்வர முடிந்தால் போதும்.

படிக்கப் படிக்கக் குழப்பமே மிகுகிறது. ஸ்போர்ட், ரிக்ரியேஷனல், பிரைவேட் என்று மூன்று உரிமங்கள் இருக்கின்றன. மருத்துவத் தகுதிக்கும் மூன்றாம் வகுப்புச் சான்றிதழ், பேசிக்மெட் (குடும்ப மருத்துவரின் சோதனையை வைத்துப் பறக்கும் ஏற்பாடு), ஓட்டுநர் உரிமம் என்று மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. தினமும் ஒரு மாத்திரையால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, தந்தை இறந்த சமயத்தில், மனச்சோர்வுக்காகச் சில மாதங்கள் எசிடலோபிராம் உட்கொண்டு, மருத்துவரின் ஆலோசனைப்படி நிறுத்திவிட்டேன். அதன் பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

பயிற்சிப் பள்ளியில் விசாரித்தபோது, முதலில் மருத்துவச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு வருமாறு சொன்னார்கள். அப்படியே செய்துவிடலாமா, அதற்கு முன் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில் (பிரைவேட் உரிமம் பெற்ற விமானி)

தயவுசெய்து அந்த விண்ணப்பத்தை இப்போதைக்கு நிரப்பாதீர்கள். மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை; எந்த உரிமம் வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால், உங்களுக்குத் திறந்திருக்கும் ஒரு கதவு மூடிக்கொள்ளக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

ஓட்டுநர் உரிமத்தையே மருத்துவத் தகுதியாகக் காட்டிப் பறக்கும் சலுகை ஸ்போர்ட் விமானிகளுக்கு உண்டு. ஆனால் அதற்கு விதி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: நீங்கள் எப்போதாவது மருத்துவச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தால், கடைசியாகச் செய்த விண்ணப்பத்தின்போது குறைந்தது மூன்றாம் வகுப்புச் சான்றிதழுக்குத் தகுதி உடையவர் என்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருபோதும் விண்ணப்பிக்காதவருக்கு இந்தத் தடை இல்லை. விண்ணப்பித்து மறுக்கப்பட்டவரோ, அந்த மறுப்பு நீங்கிச் சான்றிதழ் கிடைக்கும் வரை, ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு ஸ்போர்ட் விமானியாகப் பறக்க முடியாது. ஒரே உடல்நிலை கொண்ட இருவரில் விண்ணப்பிக்காதவர் பறக்கலாம், விண்ணப்பித்தவர் பறக்கக் கூடாது என்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனாலும் விதி அதுதான்.

இனி உரிமங்களைப் பார்ப்போம். ஸ்போர்ட் உரிமத்திற்குக் குறைந்தபட்சம் 20 மணி நேரப் பறத்தல் வேண்டும். அதில் 15 மணி பயிற்றுநருடன், 5 மணி தனியாக. 2004-இல் இந்த உரிமம் வந்தபோது, 1,320 பவுண்டு எடைக்கு உட்பட்ட, இரண்டே இருக்கைகள் கொண்ட விமானங்களுக்கு மட்டுமே அது செல்லுபடியானது. மொசைக் என்று அழைக்கப்படும் புதிய விதிகள் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பின் அந்த எடை வரம்பு நீங்கி, விமானத்தின் ஸ்டால் வேகமே, அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கைகள் விமானத்தைத் தாங்க முடியாத வேகமே, அளவுகோல் ஆகியிருக்கிறது. ஃபிளாப் எனப்படும் இறக்கையின் பின்புற மடிப்புகளை இறக்காத நிலையில் அது 59 நாட் (மணிக்கு 59 கடல் மைல்) வேகத்திற்கு மிகாமல் இருந்தால், நான்கு இருக்கை உள்ள விமானத்தையும் ஸ்போர்ட் விமானி ஓட்டலாம். பயிற்சிப் பள்ளிகளில் சாதாரணமாகக் காணப்படும் செஸ்னா 172 இதற்குள் அடங்கும். இருக்கை நான்கானாலும் உடன் அழைத்துச் செல்லக்கூடியவர் ஒருவர் மட்டுமே என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

1989 முதல் இருந்துவரும் ரிக்ரியேஷனல் உரிமத்தைப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அதற்கு 30 மணி நேரம் வேண்டும், ஒரு பயணிக்குத்தான் அனுமதி உண்டு, கூடுதல் பயிற்சியும் பயிற்றுநரின் ஒப்புதலும் இல்லாமல் புறப்பட்ட தளத்திலிருந்து 50 கடல் மைலுக்கு அப்பால் செல்லவும் முடியாது. இத்தனை கட்டுப்பாடுகள் இருந்தும், மருத்துவச் சான்றிதழோ பேசிக்மெட்டோ கட்டாயம். இதனால்தான் அதை நாடுபவர்கள் மிகச் சிலராக இருக்கிறார்கள்.

பிரைவேட் உரிமத்திற்குச் சட்டப்படி 40 மணி நேரம் போதும். நடைமுறையில் பெரும்பாலோருக்கு அதைவிட அதிகமாகவே ஆகிறது. இரவில் பறக்கலாம், குடும்பத்தினர் அனைவரையும் ஏற்றிச் செல்லலாம், பிற்காலத்தில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கும் மருத்துவச் சான்றிதழோ பேசிக்மெட்டோ வேண்டும்.

நீங்கள் எழுதியிருக்கும் ஆசையைப் பார்த்தால், பகல் வேளை, ஒரு பயணி, அருகிலுள்ள தளம் என்று எல்லாமே ஸ்போர்ட் உரிமத்திற்குள் அடங்கிவிடுகின்றன.

இரண்டாம் பதில் (விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனைகள் செய்துவரும் மருத்துவர்)

மேலே சொல்லப்பட்டது சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு, மருத்துவச் சான்றிதழ் தமக்குக் கிடைக்கவே கிடைக்காது என்ற முடிவுக்கு அன்பர் வந்துவிடக் கூடாது. அவர் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் கிடைக்கும் வாய்ப்பே அதிகம். ஆயத்தம் இல்லாமல் போவதில்தான் ஆபத்து இருக்கிறது.

மூன்றாம் வகுப்புப் பரிசோதனை பலரும் அஞ்சுவதைப்போல் கடுமையானது அன்று. ஒவ்வொரு கண்ணிலும், கண்ணாடி அணிந்தோ அணியாமலோ, 20/40 அளவுக்குப் பார்வை இருக்க வேண்டும். வண்ணங்களைப் பிரித்தறிய வேண்டும். செவித்திறனைச் சோதிக்க, உங்களை முதுகு காட்டி நிற்கச் செய்து, ஆறு அடி தொலைவிலிருந்து சாதாரணக் குரலில் பேசுவோம்; நீங்கள் அதைத் திருப்பிச் சொன்னால் போதும். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் பார்ப்போம். இந்த வகுப்பிற்கு இசிஜி வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சான்றிதழ் 60 மாதமும், உங்கள் வயதினருக்கு 24 மாதமும் செல்லும்.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, பரிசோதனை அறையில் 155/95-க்கு மிகாமல் இருக்க வேண்டும். மாத்திரையால் கட்டுப்பாட்டில் இருக்கிறது, பக்கவிளைவு ஏதும் இல்லை என்று உங்கள் மருத்துவர் எழுதிய அண்மைக் குறிப்பைக் கொண்டுவந்தால், வழக்கமாக அன்றே சான்றிதழ் வழங்கிவிட முடிகிறது.

மனச்சோர்வு வரலாற்றைத்தான் நிதானமாகக் கையாள வேண்டும். விண்ணப்பத்தின் பதினெட்டாம் கேள்வி, வாழ்நாளில் எப்போதேனும் இந்த நோய்கள் இருந்ததுண்டா என்று வரிசையாகக் கேட்கிறது. அந்தப் பட்டியலில் மனச்சோர்வும் பதற்றமும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. எட்டு ஆண்டு ஆகிவிட்டதே, குணமாகிவிட்டதே என்று எண்ணி “இல்லை” என்று குறித்துவிடாதீர்கள். தெரிந்தே பொய் சொன்னால் 2,50,000 டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம் என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பெற்ற உரிமங்கள் பறிபோவது அதற்கும் மேல். மனச்சோர்வு இருந்தது என்று சொன்னதற்காக எவரும் நிரந்தரமாக விலக்கப்படுவதில்லை; இருமுனைக் கோளாறு, நிஜத்தை உணரும் திறன் குலையும் சைக்கோசிஸ் போன்றவை தகுதியிழப்புப் பட்டியலில் பெயர் சொல்லி வருகின்றன, ஒரு துயரத்தை ஒட்டி வந்து தீர்ந்துபோன மனச்சோர்வு அந்தப் பட்டியலில் இல்லை. மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகி, நோய் திரும்பவில்லை என்பதற்கு ஆவணம் இருந்தால், வாஷிங்டனிலோ ஓக்லஹோமா சிட்டியிலோ உள்ள எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) அலுவலகத்திற்கு அனுப்பாமல் பரிசோதகரே முடிவெடுக்கக்கூடிய நிலையும் இப்போது உண்டு. 2010 முதல், எசிடலோபிராம் உள்ளிட்ட சில மருந்துகளைத் தற்போது உட்கொள்பவர்களுக்குக்கூட, நீண்ட பரிசீலனைக்குப் பின் சிறப்பு அனுமதி வழங்கப்படுகிறது.

ஆகவே, செய்ய வேண்டியதன் முறை இதுதான். அன்று சிகிச்சை அளித்தவரிடமிருந்து மருத்துவப் பதிவேடுகளை வாங்குங்கள்: எந்த மருந்து, எவ்வளவு அளவு, எப்போது தொடங்கி எப்போது நிறுத்தப்பட்டது, தற்கொலை எண்ணம் இருந்ததா, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்ததா என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். பிறகு விமான மருத்துவப் பரிசோதகர் ஒருவரிடம், பரிசோதனைக்காக அல்லாமல் ஆலோசனைக்காக என்று சொல்லியே நேரம் கேளுங்கள். மெட்எக்ஸ்பிரஸ் என்ற விண்ணப்பத் தளத்தில் படிவத்தை நிரப்பியதும் ஓர் உறுதிப்படுத்தல் எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துப் பரிசோதகர் உங்கள் படிவத்தைத் திறந்த பிறகு, வழங்குதல், மேலிடத்திற்கு அனுப்புதல், மறுத்தல் என்ற மூன்றில் ஒன்றில்தான் அது முடிய வேண்டும்; பாதியில் எழுந்து வந்துவிட வழி இல்லை. மேலிடத்திற்குப் போன கோப்பு மாதக்கணக்கில் காத்திருக்கும். கூடுதல் ஆவணம் கேட்டு அவர்கள் அனுப்பும் கடிதத்திற்குக் கெடுவுக்குள் பதில் சொல்லாவிட்டால் அது மறுப்பாகவே முடிந்துவிடும். நல்ல உடல்நிலையில் இருந்தும், ஒரு தாளைத் தேடி எடுக்க முடியாமல் மறுக்கப்பட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்படுவதுண்டு.

பேசிக்மெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2017 மே 1 முதல் இருக்கும் இந்த ஏற்பாட்டில், உங்கள் குடும்ப மருத்துவரே 48 மாதங்களுக்கு ஒருமுறை உரிய படிவத்தின்படி சோதித்துக் கையெழுத்திடலாம். 24 மாதங்களுக்கு ஒருமுறை இணையப் பாடம் ஒன்றை நீங்கள் முடிக்க வேண்டும். 12,500 பவுண்டு வரையுள்ள விமானத்தில் ஆறு பயணிகளை ஏற்றிக்கொண்டு 18,000 அடிக்குள் பறக்கலாம். ஆனால் 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஒருமுறையாவது மருத்துவச் சான்றிதழ் பெற்றிருப்பவருக்கே இது கிடைக்கும். நீங்கள் புதியவர் என்பதால் நேரடியாக இதற்குள் நுழைய முடியாது. மூன்றாம் வகுப்புச் சான்றிதழை ஒருமுறை பெற்றுவிட்டால், பிறகு வாழ்நாள் முழுவதும் பேசிக்மெட்டிலேயே தொடர்வோர் பலர்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விண்ணப்பத்தை நிறுத்தி வைத்துவிட்டேன். பழைய பதிவேடுகளைக் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஸ்போர்ட் உரிமத்தில் தொடங்கினால், பிறகு பிரைவேட் உரிமத்திற்குப் போகும்போது அந்த மணி நேரங்கள் வீணாகுமா? ஓட்டுநர் உரிமமே போதும் என்றால், நான் பறக்கத் தகுதியாக இருக்கிறேனா என்பதை யார்தான் தீர்மானிப்பது?

மூன்றாம் பதில் (விமானப் பயிற்றுநர்)

மணி நேரம் வீணாகாது. பயிற்றுநருடன் பறந்ததும் தனியாகப் பறந்ததும் உங்கள் பதிவேட்டில் அப்படியே நிற்கும். பிரைவேட் உரிமத்திற்குக் குறைவாக உள்ள இரவுப் பயிற்சி, நெடுந்தூரப் பறத்தல், கருவிப் பயிற்சி முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு தேர்வுக்குப் போகலாம். இன்னொன்றும் உண்டு: பயிற்றுநர் அருகில் அமர்ந்திருக்கும் வரை மாணவருக்கு எந்த மருத்துவச் சான்றிதழும் தேவையில்லை. முதன்முறை தனியாகப் பறப்பதற்கு முன்புதான் அந்தக் கேள்வி எழுகிறது. ஸ்போர்ட் உரிமம் நாடும் மாணவருக்கு அப்போதும் ஓட்டுநர் உரிமமே போதும். ஆகவே பதிவேடுகள் வந்து சேரும் வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தள்ளிப்போட வைக்கக்கூடியது வேறொன்று. அதை இங்கு யாரும் குறிப்பிடவில்லை. நீங்கள் கிரீன் கார்டு வைத்திருந்தாலும் அமெரிக்கக் குடிமகன் அல்லர் என்பதால், பறக்கும் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பின்னணிச் சோதனைக்கு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும், கைரேகையும் கேட்பார்கள். ஸ்போர்ட் உரிமத்திற்கும் இது பொருந்தும். முதலில் இதைத் தொடங்குங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி, பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்று நான் விரும்பும் கேள்வி. தீர்மானிப்பவர் நீங்கள்தான். எந்தச் சான்றிதழை வைத்திருந்தாலும், பாதுகாப்பாக விமானத்தை இயக்க இயலாத உடல்நிலை தமக்கு இருப்பதை அறிந்தவரோ, அறிய நியாயமான காரணம் உள்ளவரோ பறக்கக் கூடாது என்பது விதி. பரிசோதகர் உங்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் பார்க்கிறார். மற்ற நாட்களில் உங்களைப் பார்ப்பதற்கு உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. மதுவைப் பொறுத்தவரை எட்டு மணி நேர இடைவெளி கட்டாயம் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் சளிக்காகக் கடையில் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின் கலந்த மாத்திரையை விழுங்கினால், கடைசி மாத்திரைக்குப் பின் 60 மணி நேரம் பறக்கக் கூடாது என்று எஃப்.ஏ.ஏ. அறிவுறுத்துவது எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை இரவு அதை உட்கொண்டவர் ஞாயிற்றுக்கிழமையும் தரையில்தான் இருக்க வேண்டும். என் மாணவர்கள் ஒவ்வொரு முறையும் விமானத்தைச் சுற்றிச் சோதிக்கத் தொடங்கும் முன், நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு, உணவு என்று தம்மைத் தாமே வாய்விட்டுக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். சொல்லும் வரை சாவியைக் கொடுப்பதில்லை.

உங்கள் இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றினாலும் இதே ஒழுங்குதான். புதிய அளவு உடலுக்குப் பழகி, தலைச்சுற்றல் இல்லை என்று உறுதியாகும் வரை தனியாகப் பறக்காதீர்கள்; என்னைப் போன்ற ஒருவர் அருகில் இருக்கும் பாடங்களைத் தொடரலாம். முதல் வகுப்புக்கு வரும்போது கடவுச்சீட்டு, கிரீன் கார்டு, பின்னணிச் சோதனையின் அனுமதிக் கடிதம் ஆகிய மூன்றையும் கொண்டுவாருங்கள். ஆலோசனைக்குச் சென்ற பரிசோதகர் என்ன சொன்னார் என்பதையும் பயிற்றுநரிடம் அன்றே பேசிவிடுங்கள், அதற்கேற்பத்தான் எந்த விமானத்தில் உங்களைத் தனியாகப் பறக்க விடுவது என்பதை அவர் திட்டமிட முடியும்.