6 லட்சம் கல்விக்கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள், கொடுக்கணுமா? (பெங்களூரு)

அல்சூர் அப்பா:
மகளுக்கு கோமெட்கே (கர்நாடகத் தனியார் கல்லூரிகளுக்கான பொது நுழைவுத் தேர்வு) கவுன்சலிங்கில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. நான்கு வருடத்துக்கு 6 லட்சம் கடன் வேண்டும், மீதியைச் சமாளித்துக்கொள்வோம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 7 லட்சம். பத்திரம் வைத்தால்தான் கடன் என்கிறது பிராஞ்ச். வட்டி மானியம் ஏதாவது உண்டா?

ஸ்ரீராம்புரம்:
பத்திரத்தைக் கொடுத்துவிடாதீங்க சார். 7.5 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. கடன் திரும்பி வராமல் போனால் நிலுவையில் 75 சதவீதத்தை அது வங்கிக்குக் கொடுக்கும். அதனால் இந்தத் திட்டத்தில் அடமானமோ வெளியாள் ஜாமீனோ கேட்கக் கூடாது. நீங்கள் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவது வேறு, அது தேவை. உங்கள் சிபில் (பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் மதிப்பெண்) பார்ப்பார்கள். பழைய கார்டு பாக்கி இருந்தால் முதலில் அடைத்துவிடுங்கள்.

மானியத்துக்கு மத்திய அரசின் கல்விக்கடன் திட்டமான பிஎம் வித்யாலட்சுமியின் போர்ட்டலில் உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் திட்டமே கிடையாது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் கிடையாது, அதனால் கோமெட்கே ஒதுக்கீட்டுக் கடிதத்தை மறக்காமல் இணையுங்கள். 8 லட்சத்துக்குள் வருமானம் என்றால் படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் 3 சதவீத வட்டி மானியம். வேறு அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது. ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்குத்தான், எனவே உறுதி என்று நினைத்துக் கணக்குப் போடாதீங்க. கடன் கிடைத்ததும் மானியத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கேஜிஎஃப் கணக்கர்:
வட்டியைக் கவனியுங்கள். வருடம் 1.5 லட்சம் வீதம், 9 சதவீதம் தனிவட்டி என்று வைத்தால் ஐந்து வருடத்தில் 1,89,000 சேரும். அது அசலோடு சேர்ந்து 7,89,000 ஆகும். பத்து வருடத்துக்கு இஎம்ஐ ஏறக்குறைய 10,000. படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் 7,600தான். மானியம் கிடைத்தால் சேரும் வட்டியில் 63,000 குறையும். வட்டியை முன்பே கட்டுபவர்களுக்கு 1 சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு, கேளுங்கள். வருமான வரியில் பழைய வரிமுறையில் இருந்தால், கட்டும் வட்டி முழுவதும் கழிவு, எட்டு வருடம் வரை.

அல்சூர் அப்பா:
ரொம்ப நன்றி. மேனேஜர் முடியாது என்றால்?

ஸ்ரீராம்புரம்:
வாய்வார்த்தையை ஏற்காதீங்க, மறுப்புக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேலதிகாரி ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்று வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டமே சொல்கிறது. வங்கியில் புகார் போட்டு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணமில்லை. நாட கச்சேரியில் (கர்நாடக வருவாய்த்துறை அலுவலகம்) மானியத்துக்கான வருமானச் சான்றுக்கு இன்றைக்கே எழுதிப் போட்டுவிடுங்கள்.