டெல்லியிலிருந்து தனியாக உஸ்பெகிஸ்தான்: எட்டு நாள், 70 ஆயிரம் ரூபாய், எதில் சிக்கனம் பிடிக்கலாம்?

முனிர்கா_மல்லி:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 25, வேலை டெல்லியில, சொந்த ஊர் திண்டுக்கல். ஏப்ரல் கடைசியில தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா, முடிஞ்சா கீவாவும் போகணும். தனியாத்தான். விமான டிக்கெட்டோட சேர்த்து 70 ஆயிரத்துக்குள்ள முடிக்கணும். அம்மா "முஸ்லிம் நாட்டுக்குத் தனியாவா?"ன்னு ஒரே கேள்வியில நிக்கிறாங்க, அவங்களுக்கு விவரமா பதில் சொல்லணும்.

தலையை மூடணுமா, சுடிதார் போதுமா? ராத்திரி ரயில்ல போனா ஒரு நாள் ரூம் வாடகை மிச்சமாகும், அது சரியா வருமா? பணத்தை எப்படி எடுத்துட்டுப் போறது? நான் சைவம், முட்டை சாப்பிடுவேன். இன்னொண்ணு, என் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி. "பத்திரமா போயிட்டு வாங்க"ன்னு மட்டும் சொல்லாம, எதை எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க.

தென்றல்_மயூர்விஹார்:
மல்லி, சாப்பாட்டுலயும் ஊருக்குள்ள சுத்துறதுலயும் எவ்வளவு வேணும்னாலும் மிச்சம் பிடிங்க. ஒரு ஊர்ல போய் இறங்குற நேரத்துல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. பகல்ல இறங்கி, பழைய நகரத்துக்கு உள்ளேயே தங்குறதுக்குக் கொஞ்சம் கூட ஆகும். தனியா போற பொண்ணுக்கு அது வீண் செலவே இல்லை.

முதல்ல விமானம். பாகிஸ்தான் 2025 ஏப்ரல்ல வான்வழியை மூடினது இந்திய விமானங்களுக்குத்தான். இண்டிகோ டெல்லி-தாஷ்கண்ட் சேவையை அப்போ நிறுத்துச்சு. உஸ்பெகிஸ்தான் ஏர்வேஸுக்கு அந்தத் தடை கிடையாது. அதனால பழைய பதிவுகளைப் பார்த்துத் திட்டம் போடாம, நீங்க போற தேதிக்கு நேரடி விமானம் எதுன்னு பார்த்துட்டு விசாவுக்குப் போங்க. நேரடியா போனா மூணு மணி நேரப் பயணம்தான். விலை குறைவுன்னு எங்கேயோ எட்டு மணி நேரம் காத்திருந்து, நடுராத்திரி போய் இறங்குற டிக்கெட் வேண்டாம்.

டாக்ஸி கூப்பிடுற யாண்டெக்ஸ் கோ செயலியை டெல்லியிலேயே போட்டு, இந்திய நம்பருக்கு ஓடிபி வாங்கிப் பதிவு பண்ணிடுங்க. அங்க போய் சிம் மாத்தின பிறகு ஓடிபி வராம மாட்டிக்கிறவங்க நிறைய. தாஷ்கண்ட் விமான நிலையத்துல வருகைக் கூடத்துக்குள்ளேயே சிம் வாங்கலாம், பாஸ்போர்ட் கேட்பாங்க. வெளியே வந்ததும் டாக்ஸிக்காரங்க சூழ்ந்துக்குவாங்க, பையைக் கையிலிருந்து வாங்கக்கூடப் பார்ப்பாங்க. பையைக் கொடுக்காம, "கெராக் எமாஸ்"னு சொல்லிட்டு நடங்க. வேண்டாம்னு அர்த்தம். கூட்டத்தைத் தாண்டினதும் வண்டியைக் கூப்பிட்டு, நம்பர் பிளேட்டைச் சரிபார்த்துட்டுப் பின் சீட்ல ஏறுங்க. ஊருக்குள்ள ஒரு சவாரி பெரும்பாலும் 150, 200 ரூபாய்தான். மெட்ரோ அதைவிட மலிவு, ஒரு தடவைக்கு முப்பது ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும்.

பணத்துல சிக்கல் வர்ற இடம் ஏடிஎம். ஹூமோ, உஸ்கார்டுன்னு உள்ளூர் கார்டு பேர் மட்டும் ஒட்டியிருக்கிற மெஷின்ல நம்ம கார்டு வேலை செய்யாது. விசா, மாஸ்டர்கார்டு சின்னம் இருக்கிற வங்கி ஏடிஎம்மா பாருங்க. நம்ம கார்டுகள்ல வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவா அணைச்சுதான் வெச்சிருப்பாங்க, கிளம்புற முன்னாடி வங்கி செயலியில ஆன் பண்ணுங்க. கூடவே 250, 300 டாலர் நோட்டா வெச்சுக்குங்க. மடிப்பு, பேனாக் கோடு, முத்திரை எதுவும் இல்லாத புது நோட்டா கேட்டு வாங்கணும். கசங்கின நோட்டை அங்க திருப்பிக் கொடுத்துடுவாங்க. மாத்துறது வங்கியில மட்டும்.

அந்த ஊர்ப் பணம் சோம். சோம் நோட்டுல 2,000, 20,000, 200,000 மூணுமே உண்டு. இருட்டுல, அவசரத்துல சைபர் குழம்பும். ரெண்டு லட்சம் நோட்டைத் தனி உறையில வைங்க. ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 140 சோம்னு மனக்கணக்கு வெச்சுக்கிட்டா பேரம் பேசச் சுலபம்.

தங்க: பொண்ணுங்களுக்கு மட்டுமான டார்ம்ல (பல பேர் சேர்ந்து தங்குற அறை) ஒரு படுக்கை 8-லிருந்து 12 டாலர். புகாராவுல லியாபி ஹவுஸ் குளத்தைச் சுத்தி முற்றம் வெச்ச குடும்ப விடுதிகள் இருக்கு, தனி ரூம் காலை உணவோட 20-லிருந்து 30 டாலர். தாஷ்கண்ட்ல டார்ம், புகாராவுல தனி ரூம்னு பிரிச்சீங்கன்னா எட்டு நாளைக்கு விமானம் போக 30, 35 ஆயிரத்துல அடங்கும். புக் பண்ணும்போது ரெண்டு விஷயம் கேளுங்க: கதவு உள்பக்கம் தாழ் இருக்கா, ராத்திரி வரவேற்பில ஆள் இருப்பாங்களா.

பாலம்_பாலகுமார்:
சர்நேம் பற்றி மட்டும் எழுதுகிறேன். தமிழ்ப் பெயர்க்காரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

விசா படிவத்தில் சர்நேம் கட்டாயம் என்றால், பாஸ்போர்ட்டில் அச்சாகாத அப்பா பெயரை நிரப்பிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். எல்லையில் இயந்திரம் படிப்பது அதைத்தான். விசாவில் உள்ள பெயர் அதோடு ஒத்துப்போக வேண்டும். உஸ்பெக் தூதரகம் டெல்லியிலேயே இருக்கிறது. பணம் கட்டும் முன் பாஸ்போர்ட் முதல் பக்கத்தை இணைத்து, எப்படி நிரப்புவது என்று மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை அச்செடுத்துக் கொள்ளுங்கள். விமான நிறுவனத்திடமும் தனியாகக் கேட்க வேண்டும். சிலர் ஒரே பெயரை இரு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் வேறு முறை வைத்திருப்பார்கள்.

இ-விசா ஒருமுறை நுழைய 20 டாலர், 30 நாள் வரை தங்கலாம். அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இரண்டு மடங்கு வாங்கும் இடைத்தரகர் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டிய பணம் திரும்பாது.

அங்கே போனதும் மூன்று நாளுக்குள் தங்குமிடப் பதிவு நடக்க வேண்டும். விடுதிக்காரர்களே கணினியில் செய்துவிடுவார்கள். "ரெகிஸ்த்ராத்ஸியா" என்று கேட்டு, ஒவ்வோர் ஊரிலும் சீட்டை வாங்கி வையுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பதிவு செய்யாத தனியார் ஃபிளாட்டில் தங்குவதில் இதுதான் ஆபத்து, அபராதம் உங்கள் தலையிலும் விழலாம்.

மருந்துப் பையில் டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை எதுவும் இருக்கக் கூடாது. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைப்பவை அங்கே போதைப்பொருள் கட்டுப்பாட்டில் வரும். மருத்துவர் எழுதித் தந்தே ஆக வேண்டிய மருந்து என்றால், சீட்டை வைத்துக்கொண்டு சுங்கத்தில் அறிவியுங்கள்.

கரோல்பாக்_செல்வி:
தங்கச்சி, உடை விஷயத்துல அம்மா நிம்மதியா இருக்கலாம். அங்க பெரும்பான்மை முஸ்லிம்கள்தான், ஆனா அரசு மதச்சார்பற்றது, தலையை மூடணும்னு சட்டமே இல்லை. தாஷ்கண்ட் மெட்ரோவுல ஜீன்ஸ், கவுன், தலைத்துணி எல்லாம் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்கும். நம்ம பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவும் அங்க கச்சிதமான உடை. சமர்கண்ட்ல ஷாஹி ஸிந்தா, புகாராவுக்கு வெளியே நக்‌ஷ்பந்தி தர்கா மாதிரி இடங்கள்ல துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்குங்க, அங்க மக்கள் தொழுது கண்ணீர் விடுற கல்லறைகள் இருக்கு. ஃபர்கானா பள்ளத்தாக்குப் பக்கம் போனா மட்டும் கை, கால் முழுக்க மூடின உடையா எடுத்துட்டுப் போங்க. வணக்கம் சொல்ல வலது கையை நெஞ்சுல வெச்சா போதும். ஆம்பளைங்ககிட்ட கை குலுக்க நீங்களா கை நீட்ட வேண்டாம்.

முக்கியமான வார்த்தை ஒண்ணு: அங்க "அகா"ன்னா அண்ணன்! அக்காவுக்கு "ஓபா". டிரைவரை, கடைக்காரரை "அகா"ன்னு கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்குங்க, தங்கச்சியா நடத்துவாங்க. யாராவது பின்னாடியே வந்து தொந்தரவு பண்ணா, சுத்தி இருக்கிறவங்களுக்குக் கேக்கிற மாதிரி "உயாத்!"னு சொல்லுங்க. வெட்கக்கேடுன்னு அர்த்தம், வயசான பொம்பளைங்க உடனே திரும்பிப் பார்ப்பாங்க. அவங்க பக்கத்துல போய் நில்லுங்க. கல்யாணம் ஆச்சா, பிள்ளைங்க எத்தனைன்னு எல்லாரும் கேப்பாங்க. அது நம்ம ஊர்ப் பாட்டிங்க கேக்கிற மாதிரிதான், தப்பா எடுக்க வேண்டாம். தனியா இருக்கேன்னும் எந்த விடுதின்னும் மட்டும் சொல்லாதீங்க.

சாப்பாடுதான் சைவத்துக்குக் கஷ்டம். "கோஷ்ட்சிஸ்"னா கறி இல்லாம. ஆனா அதைச் சொன்னாலும் கறித்துண்டை எடுத்துட்டு அதே கறிச்சாறைத்தான் ஊத்துவாங்க. லக்மான்ங்கிற நூடுல்ஸ், சூப் எல்லாம் அப்படித்தான். பலோவ், அதாவது அவங்க புலாவ்ல ஆட்டு வால் கொழுப்பு சேரும், அரிசியை மட்டும் ஒதுக்கிச் சாப்பிட முடியாது. பூசணி வெச்ச கோவோக் சம்சா கிடைக்கும், அதுலயும் கொழுப்பு சேர்ப்பாங்க, கேட்டுட்டு வாங்குங்க. நம்பிச் சாப்பிடக்கூடியது தந்தூர் நோன் ரொட்டி, தக்காளி வெங்காயம் கலந்த அச்சிச்சுக், தயிர், முட்டை, உலர்பழம், பாதாம் மாதிரி பருப்பு வகை. சந்தையில கொரிய வம்சாவளிக்காரங்க விக்கிற காரட் ஊறுகாய் சாலட் ஒண்ணு இருக்கு, நோன்ல வெச்சுச் சாப்பிட்டா மதியச் சாப்பாடு நூறு, நூத்தம்பது ரூபாயில முடியும். ரொட்டியைக் குப்புற வைக்காதீங்க, அது அவங்களுக்கு அவமரியாதை. பருப்புப்பொடி ஒரு டப்பா எடுத்துட்டுப் போங்க. குழாய்த் தண்ணி குடிக்க வேண்டாம்.

கழிப்பறைக்குச் சில்லறை சோம் வேணும். பெரும்பாலும் தண்ணிக்குழாய் இருக்காது, காலி பாட்டில் ஒண்ணு பையில இருக்கட்டும். நாப்கின் சூப்பர்மார்க்கெட்ல கிடைக்கும், ரயில்ல ஏறும் முன்னாடி வாங்கி வெச்சுக்குங்க.

முனிர்கா_மல்லி:
ரொம்ப நன்றி. சர்நேமுக்கு இன்னைக்கே தூதரகத்துக்கு எழுதுறேன். ராத்திரி ரயிலும் கீவாவும் மட்டும் இன்னும் தெளிவாகலை.

தென்றல்_மயூர்விஹார்:
எட்டு நாளுக்குக் கீவாவை விட்டுடுங்க. புகாராவிலிருந்து பாலைவனம் தாண்டி ரயில்ல ஆறு மணி நேரம் ஒட்டி ஆகும், அங்கிருந்து தாஷ்கண்ட் திரும்புறது ஒரு முழு ராத்திரி. சமர்கண்டை ரெண்டு மணி நேரத்துல சேர்க்கிற அஃப்ராசியோப் வேக ரயில்ல பகல்ல போங்க, அங்கிருந்து புகாராவுக்கும் பகல் ரயில். டிக்கெட் ரயில்வேயோட சொந்த செயலியிலதான் எடுக்கணும். ஏப்ரல், மே சீசன்ல சீக்கிரம் தீர்ந்துடும், ஒன்றரை மாசத்துக்கு முன்னாடியிருந்தே தினமும் பாருங்க. கிடைக்கலைன்னா "ஷர்க்" ரயில் இருக்கு. மெதுவா போகும், காசு குறைவு, பகல்லயே போய்ச் சேர்ந்துடலாம்.

ரயில்வே_ரசிகை_துவாரகா:
கீவாவை விடணும்ங்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்து. ஒரு நாள் கூட்டி ஒன்பது நாளாக்க முடிஞ்சா போகலாம், ராத்திரி ரயிலும் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. பெட்டியைத்தான் சரியாத் தேர்ந்தெடுக்கணும். "கூபே"ங்கிறது கதவு மூடுற நாலு படுக்கை அறை, உள்ளே மூணு அந்நிய ஆம்பளைங்க வரலாம். "பிளாத்ஸ்கார்ட்"ங்கிறது கதவே இல்லாத திறந்த பெட்டி, 54 படுக்கை, நம்ம ஸ்லீப்பர் மாதிரி. குழந்தை குட்டியோட குடும்பங்கள் வருவாங்க, எல்லாம் எல்லார் கண்ணுலயும் படும். தனிப் பொண்ணுக்கு அதுவே மேல், விலையும் குறைவு. ஒற்றைப்படை எண் கீழ்ப்படுக்கை, இரட்டைப்படை மேல்படுக்கை. 33-லிருந்து 38 வரை கழிவறை ஓரம், தவிருங்க. பெட்டிப் பொறுப்பாளர் அறை எந்தப் பக்கம்னு ஏறினதும் பார்த்து வெச்சுக்குங்க.

தாஷ்கண்ட்ல ரெண்டு நிலையம் இருக்கு, வடக்கு, தெற்குன்னு. டிக்கெட்ல எதுன்னு பார்க்காம கிளம்பி ரயிலை விடுறவங்க உண்டு. வாசல்லயே பாஸ்போர்ட்டும் பையும் சோதிப்பாங்க, முக்கால் மணி நேரம் முன்னாடி போங்க. புகாரா ரயில் நிலையம் ஊருக்குள்ள இல்லை, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல தள்ளி ககான்ல இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு அங்க இறங்குற டிக்கெட்டை எடுத்துடாதீங்க. வேற வழியே இல்லைன்னா விடுதியிலேயே வண்டி அனுப்பச் சொல்லுங்க.

கரோல்பாக்_செல்வி:
ஒண்ணு விட்டுப்போச்சு. அங்க எல்லாரும் டெலிகிராம்லதான் பேசுவாங்க, விடுதிக்காரங்க, டிரைவர் எல்லாருமே. கிளம்புற முன்னாடி டெலிகிராம் தனியுரிமை அமைப்புல உங்க போன் நம்பரை "யாரும் பார்க்க வேண்டாம்"னு மாத்தி, முழுப்பேரையும் சொந்தப் படத்தையும் எடுத்துடுங்க. யூசர்நேம் மட்டும் கொடுத்தா போதும், ஊருக்குத் திரும்பின பிறகு யாராவது தொந்தரவு பண்ணா பிளாக் பண்ணிடலாம். அம்மாவோட பேச வாட்ஸப் காலே வேலை செய்யும். அவங்க கடிகாரத்தைவிட அங்க அரை மணி நேரம்தான் பின்னாடி, தினமும் ஒரே நேரத்துல கூப்பிடுறேன்னு சொல்லி வெச்சுட்டுப் போங்க.